மண் பக்தியும் மண்ணின் கணக்கும்

உழவருக்கும் நெசவாளருக்கும் பொதுவான தெய்வம் எது என்று எவரேனும் வினவினால், மண் என்று விடை கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை. நெல்லும் பருத்தியும் விளைவது மண்ணில். பட்டுப்புழு தின்னும் மல்பெரி இலை தழைப்பது மண்ணில். பாவுக்கு இடும் கஞ்சியும் நூலுக்குச் சாயமேற்றும் நீரும் மண் அளித்தவையே. இதனை நம் மக்கள் மறந்தாரல்லர். சித்திரையில் நல்லேர் பூட்டும்போது ஏருக்கும் எருதுக்கும் பொட்டிடுகிறார்கள். ஆடிப் பதினெட்டில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்து ஆற்றை வணங்குகிறார்கள். ஆயுத பூசையன்று தறிக்கும் நாடாவுக்கும் மாலை சூட்டப்படுகிறது. ஆகவே மண்ணிடத்தும் நீரிடத்தும் பக்தி குறைந்துவிட்டது என்று கூறுவது பொருந்தாது. பக்தி இருக்கிறது. அந்தப் பக்தியின் கணக்கு நேராக இருக்கிறதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கணக்கு என்ற சொல்லைக் கேட்டு அன்பர்கள் நகைக்க வேண்டா. சங்கங்களின் ஏடுகளைப் புரட்டுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, எதனையும் வரவு, செலவு, இருப்பு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் படிந்துவிட்டது. ஆனால் இப்பழக்கம் பக்திக்கு முரணானதன்று. முன்னோர் மண்ணைத் தெய்வமாகக் கொண்டாடிய இடங்களிலெல்லாம், அக்கொண்டாட்டத்துடன் ஒரு கடமையும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் விறகு வெட்டலாகாது என்பது கட்டுப்பாடு. தெய்வத்திற்கு அஞ்சி மக்கள் அதனைக் காத்தனர். அதனால் ஊருக்கு நிழலும், பறவைகளுக்கு இடமும், மழைநீர் நிலத்துள் இறங்குவதற்கு வழியும் கிடைத்தன. ஏரிக்கரையில் தெய்வத்தை நிறுத்திய ஊரார், ஆண்டுதோறும் கோடையில் கூடி வரத்துக்காலைத் தூர்வாரிக் கரையையும் உயர்த்தினர். குடிமராமத்து என்பது அதன் பெயர். (அப்பெயரால் நிலமற்ற ஏழைகளின் முதுகிலேயே மண்சுமை ஏற்றப்பட்ட ஊர்களும் உண்டு என்பதை மறைத்துப் பழமையைப் புகழ்வது நமக்கு உடன்பாடன்று.) இன்று பூசை நிற்கிறது; கடமை நழுவிவிட்டது. ஆற்றை வணங்கிவிட்டுத் திரும்பும் கூட்டத்தின் பின்னே பிளாஸ்டிக் உறைகள் நீரில் மிதந்து செல்வதைக் காணாதவர் யார்?

இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாகக் கட்ட முயன்றவர் ஒருவரைப் பற்றி இவ்விதழின் வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் துறவியல்லர், கணக்குத் தணிக்கையாளர். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

தணிக்கையாளர் கண்ட இயற்கை

குமரப்பா 1892-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்றார். பொது நிதியைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டபோது, இந்தியாவின் வறுமைக்கு அதன் வரிமுறையும் செலவுமுறையும் எவ்வளவு காரணம் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலூக்காவுக்கு அனுப்பி, அங்குள்ள கிராமங்களின் பொருள்நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். நகரத்துக் கம்பெனிகளின் ஏடுகளைப் பார்த்துப் பழகிய கண்கள், முதன்முறையாக ஓர் உழவனின் வரவு செலவைப் பார்த்தன. அதன்பின் அவர் பழைய தொழிலுக்குத் திரும்பவில்லை.

1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தாவிலுள்ள மகன்வாடியில் அதனை நடத்திய காரியதரிசி குமரப்பா. செக்கு, கைக்குத்தல், காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன. 1942 இயக்கத்தை ஒட்டிச் சிறைப்பட்ட அவர், ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று, இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று, நிலைபேறுடைய பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்புடையது. 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது. சமய நூலும் பொருளாதார நூலும் ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்டன என்பது தற்செயல் என்று நாம் கருதவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே பொருள்.

அந்நூலின் அடிப்படைக் கருத்து எளியது. இயற்கையில் ஒவ்வோர் உயிரும் தன் பிழைப்பைத் தேடுகிறது. தேடும்போதே பிறவற்றுக்கும் பணிசெய்கிறது. தேனீ தேனுக்காகவே பூவை நாடுகிறது. ஆயினும் அதன் காலில் ஒட்டிய மகரந்தத்தால் செடி காய்க்கிறது. மண்புழு தன் வயிற்றுக்காகவே மண்ணைத் தின்கிறது, நிலம் உழப்படுகிறது. (மண்புழுவின் இவ்வுழவை முதலில் அளந்து பார்த்தவர் டார்வின். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலினூடே செல்கிறது என்று 1881-இல் வெளிவந்த நூலில் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.) இவ்வாறு பெறுவதும் கொடுப்பதும் வட்டமாகச் சுழலும்வரை இயற்கை நிலைபெறும். எங்கேனும் ஒருவர் பெற்றுக்கொண்டு கொடாமற்போனால் வட்டம் அறுபடும். அந்த அறுபாட்டையே குமரப்பா வன்முறை என்றார். கத்தி எடுப்பது மட்டும் வன்முறையன்று. மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பாமையும் அவர் கணக்கில் வன்முறையே.

அவர் செல்வத்தை இருவகையாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் தேக்கிவைத்த நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். மரமும் பயிரும் கால்நடையும் ஓடும் நீர் போன்றவை. அளவறிந்து எடுத்தால் மீண்டும் ஊறும். தேக்கத்தை நம்பி வாழும் நாடுகள் அதனைப் பிடிக்கப் போரிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. சொல்லோடு நில்லாமல், மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கை மகன்வாடியில் செய்து, மகன் தீபம் என்று பெயரிட்டு வழங்கினார்கள். மின்சாரம் எட்டிய இந்நாளில் அவ்விளக்குக்குப் பயனில்லை. ஆயினும் எங்கிருந்து ஒளி வருகிறது, அது எதனைக் குறைத்துவிட்டு வருகிறது என்று கேட்ட அக்கேள்வி பழமையடையவில்லை.

கூட்டுறவாளராகிய நமக்கு மிக நெருங்கிய பகுதி, அவர் வகுத்த ஐந்து படிகள். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வு கடைப்படி. மாந்தோப்பில் புகுந்து பழத்தைத் தின்னும் குரங்கு அதற்கு அடுத்த படி. அது மரத்தைக் கொல்வதில்லை, ஆனால் நட்டதுமில்லை, நீர் ஊற்றியதுமில்லை. தானே உழுது எருவிட்டு விதைத்து, விளைந்ததைக் கொள்ளும் உழவன் மூன்றாம் படி. தனக்கென்று சேர்க்காது கூட்டுக்கென்று சேர்க்கும் தேனீக்கள் நான்காம் படி. கூட்டுக் குடும்பத்தையும் பஞ்சாயத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் அவர் இங்கே வைத்தார். கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை தலைப்படி. அதுவே தொண்டு.

நம் இயக்கத்துக்குக் கிடைத்த இந்த இடத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன் சற்று நின்று எண்ண வேண்டும். பதிவு எண் பெற்ற சங்கமெல்லாம் தேன்கூடு ஆகிவிடுமா? அங்கத்தினர்க்குள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடந்து, இலாபத்தையும் முறையாகப் பங்கிட்டு, அதே வேளையில் தம் கழிவைப் பக்கத்து ஊரின் வாய்க்காலில் தள்ளிவிடும் ஒரு சங்கத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே அது தேனீக் கூட்டம். வெளியே அது குரங்குக் கூட்டம். சில வேளை புலியாகவும் ஆகும். அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களும், வாக்களிக்க இயலாத மண்ணும் நீரும், நம் அன்பின் எல்லைக்குள் வருகின்றனவா என்பதே கேள்வி. இக்கேள்வியை முதலில் உழவரிடமும், பின்னர் நெசவாளரிடமும் வைப்போம்.

வைக்கோலின் வரவு செலவு

ஓர் ஏக்கர் நெல்வயலை எடுத்துக்கொள்வோம். நெல் ஏறக்குறைய இரண்டு டன் விளைந்தால், வைக்கோலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். ஒரு டன் வைக்கோலில் ஐந்து முதல் எட்டுக் கிலோ வரை தழைச்சத்தும், பதினான்கு முதல் இருபது கிலோ வரை சாம்பல் சத்தும் அடங்கியுள்ளன. எனவே இரண்டு டன் வைக்கோல் வயலைவிட்டுப் போகும்போது, சாம்பல் சத்தை மட்டும் கணக்கிட்டாலும், கடையில் விற்கும் பொட்டாஷ் உரம் ஏறத்தாழ ஒரு மூட்டை அதனோடு வண்டியேறிப் போகிறது. முன்னாளில் அது போனது வீட்டுக் கொல்லைக்கு. மாடு தின்று, சாணமாகி, குப்பைக்குழியில் மக்கி, அடுத்த ஆண்டு வயலுக்கே திரும்பிற்று. இன்று அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வருகிறது. உருளை உருளையாகக் கட்டி, லாரியில் ஏற்றி, வேற்றூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கட்டுக்கு இவ்வளவு என்று கையில் பணம் கிடைக்கிறது. உழவர் அதனை வரவு என்று எழுதுகிறார். மண்ணின் ஏட்டில் அது செலவு. தீயிட்டுக் கொளுத்துவோர் நிலை இன்னும் மோசம். சாம்பல் சத்தின் ஒரு பகுதியாவது வயலில் தங்கும். தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும்.

சங்கங்கள் ஆண்டு இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே பங்காதாயம் வழங்கலாம் என்பது சட்டம். அங்கத்தினர் எவரும் இதனைக் குறைகூறுவதில்லை. சேமநிதியை எடுத்துப் பங்காதாயம் கொடுக்கும் நிர்வாகக் குழுவை நாம் விட்டுவைப்போமா? மண்ணிலுள்ள மக்கு அதன் சேமநிதி. நீரைப் பிடித்து வைப்பதும், நுண்ணுயிர்களுக்கு உணவாவதும், இட்ட உரத்தைக் கழுவிப் போகாமல் காப்பதும் அதுவே. அதனைக் கரைத்து ஆண்டு விளைச்சலாகக் காட்டுவதை நாம் நல்ல நிர்வாகம் என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இத்திருப்பித் தரும் நெறியை விஞ்ஞான முறையில் விளக்கியவர்களுள் ஆல்பர்ட் ஹோவர்டு முக்கியமானவர். 1905-இல் பூசாவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆங்கில அரசின் தாவரவியலாளராக வந்த அவர், இந்நாட்டுக் குடியானவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசான்கள் என்று ஏற்றுக்கொண்டார். பூச்சி விழுந்தால் எந்த மருந்து என்று கேளாமல், எந்தக் குறையால் விழுந்தது என்று கேட்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, செத்தை சருகுகளையும் சாணத்தையும், மாட்டுத் தொழுவத்தின் மூத்திரம் ஊறிய மண்ணையும், மரச்சாம்பலையும் அடுக்கடுக்காக இட்டு நீர் தெளித்து, மும்முறை புரட்டி, ஏறக்குறைய மூன்று திங்களில் மக்கச் செய்யும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகெங்கும் பெயர்பெற்ற அதனைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழின் வாயிலாக நாட்டுக்கு எடுத்துக் கூறினார். இதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. காற்றும் ஈரமும் அளவோடு இருத்தல் வேண்டும். காய்ந்த பொருளும் பச்சைப் பொருளும் கலந்திருத்தல் வேண்டும். குப்பையைக் குழியில் கொட்டிவிட்டு மறந்துவிடும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அந்த மும்முறைப் புரட்டலே. எருவிடுதலை ஏருழுதலினும் மேலாக வைத்த வள்ளுவரின் நாட்டில், இதனை அயலார் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இரசாயன உரம் பாவம் என்று கூறும் கட்சியினர் நாமல்லர். 1960-களில் கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கி நாடு காத்திருந்த காலத்தில், புதிய நெல்லினங்களும் உரமும் பல உயிர்களைக் காத்தன. பசித்தவனிடம் மண்ணின் தெய்விகத்தைப் பேசுவது கொடுமை. ஆயினும் யூரியா தருவது தழைச்சத்து ஒன்றையே, மக்கைத் தருவதில்லை. ஊதியத்தைக் கொண்டு வட்டி கட்டலாம். முதல் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் வட்டிக்கும் வழியிராது. உரமிடுவோரும் தழையுரத்தையும் தொழுவுரத்தையும் சேர்த்தே இடுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இங்கே ஒரு தடை எழும். குத்தகைக்கு உழுபவர் இதனைச் செய்வாரா? ஒருமுறை ஏரி வண்டலை அடித்தால் நிலம் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். அடுத்த ஆண்டு இந்நிலம் தம்மிடம் இருக்குமா என்று அறியாதவர் எதற்காக வண்டல் அடிப்பார்? அவரைப் பார்த்து மண்ணை நேசி என்று உபதேசிப்பது வீண். குமரப்பா இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவரைத் தலைவராகக் கொண்ட காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு 1949-இல் அளித்த அறிக்கை, உழுபவர்க்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்றும், விதவையர், சிறுவர், உடற்குறையுடையோர் நீங்கலாகப் பிறர் நிலத்தைக் கீழ்க்குத்தகைக்கு விடலாகாது என்றும் பரிந்துரைத்தது. மண்ணிடத்து அன்பு தோன்றுவதற்கு அதன்மேல் ஒரு நிலையான உரிமை தேவை என்பதை, ஆன்மிகம் பேசுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

சாயமும் உப்பும்

இனி நெசவாளரிடம் வருவோம். பருத்தி நூலுக்கும் துணிக்கும் இன்று பெரிதும் ஏற்றப்படும் சாயங்கள் நீரில் கரைபவை. நீரில் நனைந்த பருத்தி இழை ஒருவகை மின்னூட்டம் கொள்கிறது. சாயமும் அதே வகை மின்னூட்டம் உடையது. ஆதலால் ஒன்றையொன்று தள்ளும். இத்தள்ளலைத் தணித்துச் சாயத்தை இழையிடம் சேர்ப்பதற்காகவே தொட்டியில் உப்பு இடப்படுகிறது. பின்னர் சலவைச் சோடா இட்டதும் சாயம் இழையோடு பிணைகிறது. அடர்ந்த நிறமாயின் லிட்டர் நீருக்குப் பல பத்துக் கிராம் உப்பு வேண்டும். உப்பு துணியில் தங்குவதில்லை. தன் வேலை முடிந்ததும், இட்ட உப்பு அநேகமாக முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

நம்முள் பலர் கழிவுநீரின் நிறத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள். நிறத்தை நீக்குவது அவ்வளவு கடினமன்று. சுண்ணாம்பு முதலியவற்றை இட்டால் பெரும்பகுதி படிந்துவிடும். தெளிந்த பின்னர் அந்நீரைக் காண்பவர் நல்ல நீர் என்றே எண்ணுவர். ஆனால் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது, சுண்ணாம்புக்கும் படியாது. அது வயலைச் சேர்ந்தால் நிகழ்வது இது: களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தை வெளியேற்றி அவ்விடத்தில் அமர்ந்துகொள்கிறது. துகள்கள் பிரிந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. மேலே விட்ட நீர் உள்ளே இறங்காமல் நிற்கும். காய்ந்தால் மண் ஓடுபோல் இறுகும். வேருக்கு மூச்சில்லை.

நொய்யலின் கதை இதற்குச் சான்று. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது அவ்வாறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் நிறைவெய்தியது. அக்காலத்திலேதான் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் ஓங்கி வளர்ந்தது. சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கிற்று. பாசன நீர் தேங்க வேண்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறவுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறவாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளும் காலம் வந்தது. கிணறுகள் கரித்தன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடலாகாது என்று நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே ஆணையிட்டது. அன்று வேலையிழந்தவர்கள் அணையையோ ஆயக்கட்டையோ பார்த்தறியாத ஏழைத் தொழிலாளர்கள். கீழே உழவர் அழுதார். மேலே தொழிலாளி அழுதார். இருவர்க்கும் இடையே ஓடிய ஆறு எவருடைய கணக்கிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பின்னர் நுண்சவ்வுகளின் வழியே நீரைப் பிழிந்தெடுத்தும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தும், இரண்டையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் நிலையங்கள் அங்கே இயங்கலாயின. செலவு மிகுதி, மின்சாரமும் மிகுதி. ஆயினும் இது குமரப்பா கூறிய வட்டமே அன்றி வேறன்று என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நொய்யலில் நிகழ்ந்தது பெருந்தொழில் செய்த தீங்கு, கைத்தறிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம் நெசவாளர் சங்கங்கள் ஒதுங்கிவிட முடியாது. நூலுக்குச் சாயமேற்றும் சிறு பட்டறை ஒன்று சங்கத்துக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கவே செய்கிறது. அங்கே உப்பு மூட்டைகளுக்குச் சரக்குப் பதிவேடு உண்டு. இவ்வளவு வாங்கியது, இவ்வளவு உபயோகித்தது, இவ்வளவு இருப்பு என்று காரியதரிசி ஒழுங்காகவே எழுதியிருப்பார். நாமும் கூட்டிப் பார்த்துக் கையொப்பமிடுகிறோம். உபயோகித்த உப்பு எங்கே போயிற்று என்று கேட்கும் கலம் அப்பதிவேட்டில் இல்லை. எந்தத் துணியிலும் அது இல்லை. வாய்க்காலிலோ, குட்டையிலோ, பட்டறைக்குப் பின்னாலுள்ள எவருடைய நிலத்திலோதான் இருக்கிறது.

பழைய அவுரிச் சாயத்தை இங்கே நினைவுகூர்வோர் உளர். அவுரியை ஊறவைத்துச் சாயம் எடுத்தபின் எஞ்சிய சக்கை வயலுக்குச் சிறந்த எருவாயிற்று. சாயத்தின் கழிவே நிலத்தின் உணவு. அழகிய வட்டந்தான். ஆனால் அதே அவுரியைப் பயிரிடுமாறு சம்பாரண் உழவர்கள் கட்டாயப்படுத்தப்பட்ட கொடுமையைத் தீர்க்கவே 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்றார். செடியிலிருந்து பிறந்தது என்பதாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது. மண்ணுக்கு நீதி செய்து மனிதனுக்கு அநீதி செய்வதும் வட்டத்தை அறுப்பதே.

உப்பு ஏறிய நிலம் மீளுமா என்றால், மீளும், பொறுமை வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்து வயல்களில் புகுந்தபோது, இனி அங்கே நெல் விளையாது என்று பலர் கைவிட்டனர். இயற்கை வேளாண்மையாளர் கோ. நம்மாழ்வார் அங்குள்ள உழவரோடு சேர்ந்து, தக்கைப்பூண்டு போன்ற தழையுரங்களை விதைத்து மடக்கி உழுது, மழைநீரால் உப்பைக் கழுவி நிலத்தை மீட்கும் பணியில் ஈடுபட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் பணியாற்றி, அங்கு நடப்பது ஏழை உழவர்க்கு உதவாது என்று கருதி வெளியேறியவர் அவர். 2013 டிசம்பரில் காலமாகும்வரை ஊர் ஊராக நடந்து மண்ணைப் பற்றியே பேசினார். கரூர் மாவட்டம் கடவூரில் வறண்ட நிலத்தில் அவர் நிறுவிய வானகம் இன்றும் இயங்குகிறது. கடல் கொணர்ந்த சோடியமும் சாயப்பட்டறை கொணரும் சோடியமும் ஒன்றே. கடல் ஒரு முறை வந்து போயிற்று. பட்டறை நாள்தோறும் அனுப்புகிறது. வருவதை நிறுத்தாமல் தக்கைப்பூண்டு விதைத்துப் பயனில்லை.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதனில் கழித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், காலமானார். அவருக்குச் சிலை வைப்பதினும், அவர் கற்பித்த கணக்கைச் சங்கங்கள் எழுதத் தொடங்குவது தக்கது. அது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. நெசவாளர் சங்கங்கள் உப்புப் பதிவேட்டில் இன்னும் ஒரு கலம் கீறி, ஒவ்வொரு மாதமும் எத்தனை கிலோ உப்பு எவ்விடத்தில் விடப்பட்டது என்று எழுதி, அதனை மகாசபைக் கூட்டத்தில் படிக்கட்டும். கலம் நிரம்பும்போது, அங்கத்தினரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைவதைப் பற்றியோ, பல சங்கங்கள் சேர்ந்து ஒரே சாயச்சாலை நடத்துவதைப் பற்றியோ பேசத் தொடங்குவர். தனித்தனிப் பட்டறைகளால் தாங்க முடியாத செலவைச் சேர்ந்து தாங்குவதற்காகத்தானே கூட்டுறவு பிறந்தது!

உழவர் சங்கங்களுக்கு ஆனி, ஆடி மாதங்கள் ஏற்றவை. சம்பா நடவுக்கு முன் வயல் சும்மா கிடக்கும் அந்நாள்களில், ஏக்கருக்கு இருபது கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாள் அளவில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், நல்ல நிலத்தில் எட்டு டன் வரை பசுந்தழை சேரும். நீர் குறைந்த இடங்களில் கொளுஞ்சியும் சணப்பையும் ஏற்றவை. விதை முளைப்புத் திறனோடு கிடைப்பதுதான் தொல்லை. பருவம் நெருங்கியபின் விலையும் ஏறிவிடும். ஆதலால் எந்தெந்த அங்கத்தினர்க்கு எத்தனை கிலோ தேவை என்பதைச் சித்திரை முடிவதற்குள் எழுதி வாங்கி, மொத்தமாகக் கொள்முதல் செய்துவைத்தல் நலம். குத்தகை உழவர்களின் பெயரையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.